நாலு வருஷம் கழித்து மண்ணில் சாரின் தடயம்: எப்படிப் பிடித்தார்கள்?

தேன்மொழி:
வணக்கம். செமினாருக்காகக் கேட்கிறேன். ஈராக்கின் குர்து கிராமம் பிர்ஜின்னியில் ரசாயனக் குண்டு விழுந்தது 1988 ஆகஸ்டில். மண்ணை அள்ளியதோ 1992இல். சாரின் என்ற நரம்பு நச்சு ஈரம் பட்டாலே சிதையும். அப்புறம் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வகம் ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறு நிறையை அளக்கும் கருவி) எதைப் பார்த்து உறுதி செய்தது?

கதிரவன்:
சாரின் போனாலும் அதன் சிதைபொருள் போகாது. முதலில் ஐசோபுரோப்பைல் மெத்தில்பாஸ்போனிக் அமிலம். அதுவும் மெல்லச் சிதைந்தால் மெத்தில்பாஸ்போனிக் அமிலம். பாஸ்பரஸ்-கார்பன் பிணைப்பைத் தண்ணீர் லேசில் உடைக்காது. பிர்ஜின்னியின் 6 மண் மாதிரிகளில் இந்த அமிலங்கள் இருந்தன. வேறு 6 மாதிரிகளில் மஸ்டர்ட் என்ற கொப்புள நச்சோ அதன் சிதைபொருளோ இருந்தது.

நான் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் லேபில் இருக்கிறேன். இந்த மாதிரி அமிலங்களை அப்படியே ஜிசியில் விட்டால் ஒழுங்காக வெளியே வராது. சிலைலேற்றம் செய்ய வேண்டும், அதாவது எளிதில் ஆவியாகும்படி சிலிக்கான் உள்ள சிலைல் தொகுதியை ஒட்ட வேண்டும். மாதிரியில் துளி ஈரம் இருந்தாலும் வினைப்பொருள் அதிலேயே செலவாகிவிடும். அதனால் நைட்ரஜன் ஊதி நன்றாக உலர்த்திவிட்டுத்தான் அடுத்த வேலை. சிலைல் சேர்ந்த பிறகு ஐசோபுரோப்பைல் அமிலத்தின் நிறை 210. ஒரு மெத்தில் கழன்றால் 195, அதிலிருந்து புரோப்பீனும் போனால் 153. 195, 153 என்ற இந்த இரண்டு அயனியும் ஒரே நேரத்தில், தரமாதிரியில் (ஒப்பிட வைத்திருக்கும் சுத்தமான பொருளில்) வரும் அதே விகிதத்தில் வர வேண்டும்.

முருகேசன்:
மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் மாதிரி பூச்சிமருந்து எல்லாம் சாரின் போல ஆர்கனோபாஸ்பரஸ்தானே தம்பி? வயல் மண்ணில் அது கிடந்து குழப்பாதா?

கதிரவன்:
குழப்பாது அண்ணே. அவற்றில் பாஸ்பரஸோடு மெத்தில் நேராக ஒட்டியிருக்காது, நடுவில் ஆக்சிஜன் இருக்கும். சிதைந்தால் பாஸ்பேட் வகைகள்தான் வரும்.

தேன்மொழி:
மெத்தில்பாஸ்போனிக் அமிலம் மட்டும் கிடைத்தால் போதுமா சார்?

கதிரவன்:
போதாதும்மா. விஎக்ஸ், சோமன் போன்ற வேறு நரம்பு நச்சுகள் சிதைந்தாலும் அது வரும்; சில தீத்தடுப்புப் பொருள்களிலிருந்தும் வரலாம். ஐசோபுரோப்பைல் ஒட்டியிருப்பதுதான் சாரினைக் காட்டிக்கொடுக்கிறது. அதோடும் அவர்கள் விடவில்லை. வேதி அயனியாக்கம் (மூலக்கூறை மென்மையாக அயனியாக்கும் முறை), டாண்டம் எம்எஸ் (அயனியை மறுபடி உடைத்து நிறை பார்ப்பது) என்று வேறு வேறு வழியில் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். தப்பிவந்த குர்து மக்கள் சொன்னதை ஈராக் மறுத்துவந்த நேரம் அது. கருவி வரைபடத்தில் ஒரு பீக்கை (முகட்டை) மட்டும் காட்டியிருந்தால் எளிதாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். செமினாரில் இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: பெயின்ட் அடித்த ஓர் உலோகத் துண்டில் சிதையாத சாரினே நுண்ணளவில் கிடைத்தது.