[கலைச்சொல்] பாலையில் கல் மூடிய தரைக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டுப் பாடநூலுக்காகப் பாலைநிலங்கள் பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பாலை உருவாகும் காரணங்களில் சிக்கல் இல்லை. 30 பாகை அகலக்கோட்டை ஒட்டிக் காற்று கீழிறங்கி வறள்வது, மழைமறைவு, அட்டகாமா, நமீபு கரைகளை ஒட்டி ஓடும் குளிர் நீரோட்டம், எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. பிறைக்குன்று, காளான் பாறை என்பவையும் பழகியவை. இடிக்கும் இடம் ஒன்றுதான்: சிறு கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஓரிரு கல் கனத்தில் மூடியிருக்கும் தட்டைத் தரை. ஆங்கிலத்தில் டெசர்ட் பேவ்மெண்ட். சகாராவில் ரெக், செரிர், ஆஸ்திரேலியாவில் கிப்பர். 'காற்றரி எச்சம்' என்று வைக்கலாமா?

– மொ.

*

> 'காற்றரி எச்சம்' என்று வைக்கலாமா?

வைக்காதீர்கள். அந்தப் பெயருக்குள் ஒரு கொள்கை உட்கார்ந்திருக்கிறது. மண்ணும் மணலும் காற்றில் பறந்துவிட, தூக்க முடியாத கல் மட்டும் எஞ்சியது என்பது பழைய விளக்கம். சில இடங்களில் அது நடக்கவும் செய்கிறது. ஆனால் அந்தக் கற்களை விலக்கித் தோண்டிப் பாருங்கள். கீழே கல்லே இல்லாத மென்புழுதி, பல இடங்களில் கைவிரல் நீளத்துக்கும் மேல், ரொட்டித் துண்டைப் போல நுண்ணிய காற்றறைகளோடு இருக்கும். எஞ்சிய கல் என்றால் அடியிலும் கல் இருக்க வேண்டுமே?

அமெரிக்காவின் மோகாவி பாலையில், சீமா எரிமலைப் பகுதியில் இதை அளந்து பார்த்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர் படப்படப் பாறையில் ஹீலியம்-3 சேரும்; எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது கல் எத்தனை காலம் வெளியில் கிடந்தது என்று காட்டும். அதை வைத்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், மேலே கிடந்த கற்கள் வெளியில் இருந்த காலமும் அருகே வெளியே தெரியும் எரிமலைப் பாறை வெளியில் இருந்த காலமும் ஒத்திருந்தன. அந்தக் கற்கள் ஒருநாளும் புதைந்து கிடக்கவில்லை. காற்று கொண்டுவந்த புழுதி இடுக்குகளில் இறங்கி, கற்களைத் தூக்கிக்கொண்டே உயர்ந்திருக்கிறது. காற்று அரித்ததல்ல, காற்று சேர்த்தது! கண்ணுக்குத் தெரிவதைப் பெயராக்குங்கள். கொள்கை மாறினாலும் பெயர் நிற்கும்.

– நிலவியல் ஆசிரியர்

*

அன்பர்களே,

புதிதாக ஆக்குவானேன்? சங்கப் பாடல்களில் தலைவன் பொருள்தேடிப் போகும் வழியெல்லாம் பரலும் முரம்பும்தானே. பரல் சிறு கல்; பருக்கைக் கல் நிறைந்த வன்னிலம் முரம்பு. முரடு, முருடு, முரண் எல்லாம் 'முர்' என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. வன்மை, இணங்காமை, உராய்வு என்று பொருள் விரிவதைப் பாருங்கள். காலில் உறுத்துவதால் முரம்பு. இதைவிட்டு வேறு சொல் தேடுவது வீண்வேலை.

– புலவர்

*

புலவர் ஐயா, அகராதியில் முரம்பு என்பதற்குப் பருக்கைக்கல் உள்ள *மேட்டு* நிலம் என்றல்லவா இருக்கிறது? இங்கே பேசுவது தட்டைத் தரை. தவிர, முதலாண்டு மாணவர் 'முரம்பு' என்று படித்தால் நரம்பின் அச்சுப்பிழை என்று நினைப்பார். கற்பாவு தளம் எனலாமே.

– வகுப்பெடுப்பவள்

*

பாவுதல் மனிதர் செய்யும் வேலை. இயற்கையாக அமைந்ததற்கு ஒத்துவராது.

– நி.ஆ.

*

நாற்றுப் பாவுவது மனிதர்தான். ஆனால் 'கொடி பாவியிருக்கிறது' என்றும் எழுதுகிறோமே, அங்கே யார் செய்தது? பாவு என்பது பரவு.

– வ.

*

இழை விலகுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இயலின் தலைப்பிலேயே எனக்குக் கேள்வி. பாலை என்றாலே வெயில். ஆண்டுப் பொழிவு 250 மி.மீ.க்குக் குறைவு என்ற அளவுகோலை வைத்தால் உலகின் மிகப்பெரிய பாலை அண்டார்க்டிகா. பனியில் பாலையா? 'வறள்நிலம்' என்று பொதுவாக்கினால் என்ன?

இளங்கோவடிகள் 'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து' என்று தொடங்கி, 'பாலை என்பதோர் படிவம் கொள்ளும்' என்கிறார். அவருக்குப் பாலை ஒரு நிலையான நிலமல்ல, வேறு நிலம் திரிந்து அடையும் நிலை. நிலம் பாழாவதைப் 'பாலையாதல்' என்று சொல்ல இதைவிட நல்ல முன்சான்று எது? இங்கே ஒரு சொல்லுக்கு அடித்துக்கொள்கிறோம், அது அங்கே ஆயத்தமாகக் காத்திருக்கிறது.

– வாசகர்

*

தலைப்பை மாற்ற நேரமில்லை. 'பாலையாதல்' எடுத்துக்கொண்டேன், நன்றி. 'மணல்' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். சகாராவிலேயே மணல் மூடியது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். 'பரல்' மட்டும் யாரையும் உறுத்தவில்லை என்று தோன்றுகிறது. சிலம்பின் பரல் என்று மாணவர் கேட்டும் இருப்பார்கள். பரல்தளம்?

– மொ.

*

வழக்குரை காதையில் சிலம்பின் உள்ளே இருப்பது 'அரி', பரல் அல்ல: 'மணியுடை அரியே'. அது நிற்க. பரல் + தளம், புணர்ந்தால் பரற்றளம். கல் + தூண் கற்றூண் ஆகவில்லையா?

– பு.

*

பரற்றளத்தை எந்த மாணவர் பிரித்துப் படிப்பார் ஐயா? பரற்பரப்பு என்றாலாவது கண்ணுக்குப் பிடிபடும்.

– வ.

*

பரல்தளத்துக்கு என் வாக்கு. கல்லும் தட்டையும் இரண்டும் வந்துவிட்டன, எப்படி உண்டானது என்று எதையும் சொல்லவில்லை. அதுதான் வேண்டியது. பெரு நாட்டின் நாஸ்கா பாலைத் தரையில் உள்ள பழங்காலக் கோடுகளை விளக்கும் பத்தியிலும் பொருந்தும்: கருத்த பரல்களை அகற்றி வெளிர்நிறத் தரையைத் தெரியவைத்தே அவற்றை வரைந்தார்கள்.

– நி.ஆ.

*

சரி, 'பரல்தளம்' என்றே அனுப்புகிறேன், புணர்த்தாமல். கலைச்சொல் பட்டியலில் முரம்பையும் சேர்க்கிறேன். யார்டாங் இன்னும் பாக்கி: காற்றுவீசும் திசையிலேயே நீண்டு செதுக்கப்பட்ட முகடு. இன்றிரவுக்குள் யாராவது சொன்னால் நல்லது.

– மொ.

*

புணர்ச்சி விதியை வசதிக்காக விடுவதை நான் ஏற்கவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். முரம்பு மேட்டு நிலம் என்று தள்ளினீர்கள். புழுதி சேர்ந்து கல்லோடு தரை உயர்கிறது என்று எழுதியவர் ஆசிரியர்தாம். உயர்ந்தால் மேடுதானே? முரம்புதான் சரி. யார்டாங்குக்கு நாளை எழுதுகிறேன். 'வார்' என்ற வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

– பு.