அரியோகார்பஸ் கள்ளியின் வேரில் மாவுப்பூச்சி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மெக்சிகோவின் சுண்ணாம்புப் பாறை நிலங்களுக்குரிய அரியோகார்பஸ் கள்ளி ஒன்றை, 6 ஆண்டுகளுக்கு முன் விதையிட்டு, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வளர்த்து வருகிறேன். இன்றும் அது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. சென்ற வாரம் தொட்டி மாற்ற எடுத்தபோது, கிழங்கு போன்ற வேரின் மடிப்புகளிலும் தொட்டியின் உட்புறத்திலும் வெண்பஞ்சாக மாவுப்பூச்சி அப்பியிருந்தது. உச்சியிலுள்ள கம்பளி இச்செடிக்கு இயல்பானது என்பதால் அதைத் தொடாமல், மண்ணை முழுவதும் உதறி, வேரைக் கழுவி, மெல்லிய தூரிகையால் துடைத்து, நிழலில் உலர வைத்திருக்கிறேன்.

வேப்பெண்ணெய்க் கரைசலில் வேரை நனைப்பது போதுமா, அல்லது மறுநடவுக்குப் பின் இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்தை ஊற்ற வேண்டுமா? காயம் ஆறுமுன் ஈரம் பட்டால் கிழங்கு அழுகிவிடும் என்பதால், முதல் தண்ணீரை எத்தனை நாள் கழித்து விடலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.