வரி விதிகளை முடிவு அட்டவணையில் வைப்பதா, நிரலாகவே எழுதுவதா?

கேள்வி:
வணக்கம். ஆயத்த ஆடைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். ஓர் ஆடையின் விலை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்றிருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று மாறியது. எங்கள் நிரலில் அந்த 1000 என்ற எண் பில், சரக்குத் திருப்பம், மாத அறிக்கை என மூன்று இடங்களில் இஃப்-எல்ஸ் நிபந்தனைகளுக்குள் கிடந்தது. அறிக்கையில் இருந்ததை மாற்ற மறந்துவிட்டேன். இத்தகைய விதிகளை, முடிவு விதிகளை அட்டவணையாக எழுத உதவும் டிஎம்என் (DMN) போன்ற மாதிரி மொழிக்குக் கொண்டுபோவது நல்லதா?

மறுமொழி 1:
நல்லது என்பேன். மென்பொருள் தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி (OMG) அமைப்பு வெளியிட்ட டிஎம்என்னில் விதி ஓர் அட்டவணையாக இருக்கும். அந்த அட்டவணையே இயங்கவும் செய்யும். 'யுனிக்' என்ற விதித்தேர்வைக் கொடுத்தால், ஒரே விலைக்கு இரண்டு வரிசைகள் பொருந்துவது பிழையாகும். எங்கள் கணக்காளரிடம் அட்டவணையைக் காட்டியபோது, 'விலை' என்ற தலைப்பில் விரலை வைத்து, "இது அட்டையில் அச்சிட்ட விலையா, தள்ளுபடி போக விற்கும் விலையா?" என்று கேட்டார். 2,600 ரூபாய்ச் சட்டை பத்து சதவீதத் தள்ளுபடியில் 2,340 ஆகி, 5 சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது. நாங்கள் அச்சிட்ட விலையையே ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். நிரலைக் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

மறுமொழி 2:
கணக்காளர் படித்த அட்டவணை முக்கியம் என்பதை ஏற்கிறேன். அதற்கு, அட்டவணையை இயக்கும் விதி இயந்திரம் என்ற தனி மென்பொருள் வேண்டும் என்பதை ஏற்க இயலவில்லை. முன்பு நான் பணியாற்றிய இடத்தில் மென்பொருளின் அமைப்பைக் காட்டும் யுஎம்எல் (UML) வரைபடத்திலிருந்து நிரலை உருவாக்கினோம். அவசரத்துக்கு அந்த நிரலிலேயே கைவைத்த திருத்தங்கள், அடுத்த முறை உருவாக்கியபோது அழிந்துபோயின. டிஎம்என் கோப்பும் உள்ளே குறிச்சொற்கள் நிறைந்த எக்ஸ்எம்எல் (XML) உரைதான். நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் அதன் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது கண்ணுக்கு வேதனை. உங்களுக்கு இருப்பவை நான்கே வரிசைகள். தொடக்க நாள், முடிவு நாள், விலை வரம்பு, வீதம் என்ற பத்திகளுடன் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை வைத்து, மூன்று இடங்களும் ஒரே செயற்கூற்றை (function) அழைக்கும்படி செய்யுங்கள். சரியாக 2,500 ரூபாய்க்கு ஒரு சோதனையும், 2,501 ரூபாய்க்கு ஒரு சோதனையும் கட்டாயம் எழுதுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செப்டம்பர் 20 அன்று விற்ற ஆடை அக்டோபரில் திரும்பி வந்தால், அட்டவணையில் எந்த நாளைப் பார்ப்பது?

மறுமொழி 2:
மூலப் பில்லின் நாளை. திரும்பி வந்த ஆடைக்காகக் கொடுக்கும் கிரெடிட் நோட் பழைய வீதத்திலேயே போக வேண்டும். அந்தப் பில்லைத் தேடி எடுப்பதையும் பைசாவை முழுமையாக்குவதையும் நிரலிலேயே விட்டுவிடுங்கள். அவற்றை அட்டவணைக்குள் திணித்தால் கணக்காளரால் அதைப் படிக்க முடியாமல் போகும்.