காபி ஷாப் தண்ணீர், ஐஸ், சிரப்: உள்ளே பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மெஷின்காரன், சென்னை

காபி மெஷின் சர்வீஸ்தான் எனக்குத் தொழில். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற காபி ஷாப்களுக்குள் முன்வாசல் வழியாகப் போனதைவிடப் பின்கட்டு வழியாகப் போனதுதான் அதிகம். கல்யாண வீட்டில் யாராவது என் வேலையைத் தெரிந்துகொண்டால் உடனே கேட்பது இதைத்தான்: "அங்கெல்லாம் என்ன தண்ணி ஊத்துறான்? நம்பிக் குடிக்கலாமா?" என் பதில் அவர்களுக்குச் சப்பென்று போய்விடும். சூடான காபிக்குப் போகிற தண்ணீரைத்தான் அந்தக் கடையில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவனிக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

கறுப்புக் காபியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் ருசியைவிட மெஷினைக் காப்பாற்றத்தான் கடைக்காரர் ஃபில்டருக்குச் செலவு செய்கிறார். எஸ்பிரஸ்ஸோ மெஷின் ஒன்று பல லட்சம் ரூபாய். ஓஎம்ஆர் பக்கம் ஒரு கடையில் ஸ்டீம் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். பாயிலரைத் திறந்தால் ஹீட்டர் காயில்மேல் விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவம். ஸ்க்ரூடிரைவரால் தட்டத் தட்ட ஓடு ஓடாக உதிர்ந்தது. தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கிற சாஃப்ட்னர் இல்லாமல் இல்லை, இருந்தது. அதற்குள் இருக்கிற ரெசின் என்கிற பிசின் மணிகள், இப்படிப் படிகிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புத் தண்ணீர் விட்டு அதை மறுபடி தயார் செய்ய வேண்டும். அங்கே உப்பு மூட்டை பிரிக்காமலேயே மூலையில் கிடந்தது.

2019 கோடை நினைவிருக்கிறதா? ஏரிகள் வற்றி, ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தி, ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன வருடம். ஒரே கடைக்குக் காலையில் ஒரு லாரி, சாயங்காலம் வேறு லாரி. காலைத் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்கிற அளவு, 400 என்றால் சாயங்காலம் ஆயிரத்தைத் தாண்டும். எந்த ஃபில்டர் கார்ட்ரிட்ஜை எதற்கு செட் பண்ணுவது? இந்தத் தொல்லை வேண்டாமென்று நான் பார்த்த கடைகள் முக்கால்வாசி, கரைந்த உப்பைப் பெரும்பாலும் வடிகட்டி எடுத்துவிடுகிற ஆர்ஓவுக்கு மாறிவிட்டன.

ஆர்ஓ வைத்தால் பிரச்சினை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு மாலில் இருந்து மேனேஜர் பையன் ஃபோன் பண்ணினான். "அண்ணா, ஸ்டீம் ராடுல தண்ணியா கொட்டுது." பாலைச் சூடாக்க நீராவி விடுகிற குழாய்தான் ஸ்டீம் ராடு. போய்ப் பார்த்தால் பாயிலர் கழுத்துவரை நிறைந்திருக்கிறது. பாயிலருக்குள் ப்ரோப் என்று ஒரு கம்பி இருக்கும். தண்ணீர் ஏறி அதைத் தொட்டால் லேசாக மின்சாரம் ஓடும். அதை வைத்துத்தான் மெஷின் "போதும்" என்று வால்வை மூடும். அந்தக் கடையின் ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் 10க்குப் பக்கத்தில். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடவில்லை. பாயிலர் காலி என்று நினைத்துக்கொண்டு மெஷின் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பைபாஸைத் திறந்து ஆர்ஓவுக்குப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிட்டேன், சரியாகிவிட்டது.

காபிக்கு, காபித் தொழில்காரர்களின் சர்வதேசச் சங்கமான ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்கிற அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் டிடிஎஸ். 75 முதல் 250 வரை பரவாயில்லை. புளிப்பைச் சமன் செய்கிற காரத்தன்மை 40 வாக்கில் இருக்க வேண்டும். அது ரொம்பக் குறைந்தால் காபி புளிக்கும், கூடினால் உப்புச் சப்பில்லாமல் போகும். நம் நாட்டுக் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, டிடிஎஸ் 500 வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை விடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், அதில் காபி போட்டால் விளங்காது. அதேபோல டிடிஎஸ் கம்மி என்றால் சுத்தம் என்று பேசுவதும் ஆர்ஓ விற்கிறவன் கதை.

ஐஸைப் பற்றி உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நான் சொன்னால் என் பிழைப்பு போய்விடும்.

முன்னாள் பரிஸ்டா

காபி ஷாப்பில் காபி போடுகிற வேலையை நான் விட்டுவிட்டேன் அண்ணே, அதனால் சொல்கிறேன்.

முதலில் டிடிஎஸ் கதை ஒன்று. எங்கள் கடைக்கு ஒரு சார் வருவார். சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாக டிடிஎஸ் மீட்டர். மேஜையில் வைக்கிற தண்ணீரில் விட்டுப் பார்ப்பார், 60 என்று காட்டும், தலையாட்டிக்கொள்வார். ஒருநாள் என்ன தோன்றியதோ, அமெரிக்கானோ என்கிற வெந்நீர் கலந்த கறுப்புக் காபிக்குள் விட்டுவிட்டார். நாலு இலக்கத்தில் காட்டியது. கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். "காபித்தூளிலிருந்து இறங்கின பொட்டாசியமும் மற்ற உப்பும்தான் சார் அது, எலுமிச்சம்பழ ஜூஸில் விட்டாலும் ஏறும்" என்று எங்கள் ஷிப்ட் லீடர் எடுத்துச் சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை. அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான். கிருமி அதற்குத் தெரியாது. மலத்திலிருந்து வருகிற ஈ.கோலை என்கிற கிருமி, குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. ஆயிரம் இருந்தாலும் பேனா 60 என்றேதான் காட்டும்.

இப்போது ஐஸ். காபிக்கு க்ளோரின் வாசனை ஆகாது என்று கார்பன் ஃபில்டர் வைத்து அதை எடுத்துவிடுகிறார்கள். பல கடைகளில் ஐஸ் மெஷினுக்கும் அதே லைன்தான். க்ளோரின் போனபிறகு அந்தத் தண்ணீருக்குக் காவல் எதுவும் இல்லை. எஸ்பிரஸ்ஸோவுக்குப் போகிற தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் சூடாகிறது, பிழைத்தது. ஐஸுக்குப் போனதற்கு அந்த வாய்ப்பு இல்லை. குளிரில் கிருமி செத்துப்போகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சாகாது, சும்மா படுத்துக் கிடக்கும்.

ஐஸ் மெஷினுக்குள் தண்ணீர் தெறிக்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கும். அதன் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. டிஷ்யூவால் துடைத்தால் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று வரும், ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். தினமும் க்ளீன் பண்ணியதாகச் சுவரில் ஒரு சார்ட் இருக்கும். வாரக் கடைசியில் ஒரே பேனாவில் ஏழு நாளுக்கும் கையெழுத்து விழும். ஐஸ் அள்ளுகிற ஸ்கூப்பைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பில் போட்டு, காசு வாங்கி, அதே கையால் பிடித்த கைப்பிடி ஐஸுக்குள் புதைந்து கிடக்கும்.

எங்கள் கடை மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2017இல் பிரிட்டனில் பிபிசி மூன்று பெரிய காபி நிறுவனங்களின் ஐஸை எடுத்துச் சோதித்தது. மலத்திலிருந்து வரக்கூடிய வகைக் கிருமிகள் கோஸ்டாவில் பத்து மாதிரிக்கு ஏழில், ஸ்டார்பக்ஸிலும் கஃபே நீரோவிலும் பத்துக்கு மூன்றில். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற ஊரிலேயே கதை இப்படி.

கவுன்டரில் நின்றபடியே ஸ்கூப் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வெளியே தனி டப்பாவில் இருந்தால் அந்தக் கடையில் யாரோ ஒருவர் ஒழுங்காக இருக்கிறார்.

தேனாம்பேட்டை டீ மாஸ்டர் ரசிகன்

இவ்வளவும் படித்துவிட்டு 280 ரூபாய் கொடுத்து கோல்ட் காபி குடிக்கணுமா? 15 ரூபாய் டீ கண்ணெதிரே கொதிக்கிறது சாமி.

பால் ஆகாத பிள்ளையின் அம்மா, மதுரை

தண்ணீரையும் ஐஸையும் பேசிவிட்டீர்கள், மேலே போடுகிற க்ரீமை யாரும் தொடவில்லை. என் பையனுக்குப் பால் அலர்ஜி. லாக்டோஸ் சேராத வயிற்று உபாதை வேறு, இது வேறு. பால் புரதம் கொஞ்சம் உள்ளே போனாலே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிடும்.

ஒரு பெரிய கடையில் சோயா பாலில் சாக்லேட் கேட்டான். க்ரீம் வேண்டாம் என்றேன். "இது நான்-டெய்ரி க்ரீம் மேடம், பாலே கிடையாது" என்றது அந்தப் பெண். பாவம், அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். டப்பாவைக் கொண்டு வரச் சொன்னேன். தண்ணீர், ஹைட்ரஜனேற்றிய பனங்கொட்டை எண்ணெய், சர்க்கரை, அதற்கப்புறம் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட். கேசினேட் என்பது பாலிலிருந்து எடுக்கிற புரதம்தான். டப்பாவின் கீழே "பால் உள்ளது" என்று அலர்ஜி எச்சரிக்கையும் இருந்தது. முன்பக்கம் பெரிதாக நான்-டெய்ரி. பச்சைப் புள்ளியும் எனக்கு உதவாது, பால் சைவம்தானே.

இன்னொன்றும் கவனித்தேன். பசும்பாலைச் சூடாக்கிய அதே ஜக்கை ஒரு அலசு அலசிவிட்டு சோயா பாலை ஊற்றுகிறார்கள். ஸ்டீம் ராடைத் துடைக்கிற துணியும் ஒன்றே. இப்போதெல்லாம் பையனுக்குப் பாட்டில் ஜூஸ் மட்டும்தான் வாங்குவது.

பத்து இடங்களுக்குக் குறையாமல் கடை வைத்திருக்கிற நிறுவனங்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் நேரே கலோரி போட வேண்டும், அலர்ஜி விவரமும் தர வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி இருக்கிறது. 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வாய்ப்பேச்சை நம்பாமல் டப்பாவையே கேளுங்கள்.

ஈசூன்வாசி, சிங்கப்பூர்

மதுரை அக்கா சொன்னது முழுக்கச் சரி. கலோரி போடுவதோடு சர்க்கரையும் தெரிந்தால்தான் பிரயோஜனம். இங்கே பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் என்று ஏ, பி, சி, டி தரக்குறி வைத்திருக்கிறார்கள். பாட்டில் பானங்களுக்கு 2022 டிசம்பர் கடைசியில் வந்தது. ஒரு வருடம் கழித்து, கடையில் கலந்து கொடுக்கிற காபிக்கும் பபிள் டீக்கும் வந்துவிட்டது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. சி, டி என்றால் மெனுவில் கட்டாயம் போட வேண்டும், டி பானத்துக்கு விற்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் விளம்பரமே செய்யக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரையால் டி வாங்கிய பானம் அரை லிட்டர் என்றால் அதில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கே 50 கிராமைத் தாண்ட வேண்டாம், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் அலுவலகத் தோழர்கள் நாள்தோறும் வாங்கிய கேரமல் பானத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்து வந்த வாரம் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரப் பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் பெரும்பாலும் 5 கிராம் வாக்கில் சர்க்கரை இறங்கும். எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்று எண்ணுங்கள், வீட்டுக் காபியில் அத்தனை ஸ்பூன் போடுவீர்களா என்று யோசியுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு தகவல். 2012இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெரி பானத்துக்குச் சிவப்பு நிறம் வரக் கொச்சினீல் பூச்சிச் சாயம் சேர்த்தது வெளியே தெரிந்து பெரிய சத்தம் ஆனது. அப்புறம் தக்காளியில் இருக்கிற லைகோபீனுக்கு மாறினார்கள். அந்தச் சாயத்தின் எண் 120. லேபிளில் இருந்தால் பூச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுவாணிக்காரன், கோவை

எங்கள் ஊரில் இருந்துகொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருந்தால் ஊரைவிட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். சிறுவாணித் தண்ணீரில் வீட்டில் போடுகிற ஃபில்டர் காபி ஒரு தனி ருசி. ஆனால் இங்கே செயின் கடைக்குப் போனால் சென்னையில் குடித்த அதே காபி, அதே நுரை. மெஷின்காரர் எழுதியதைப் படித்ததும்தான் காரணம் பிடிபட்டது. நல்ல தண்ணீரையும் ஆர்ஓவில் வழித்து எடுத்துவிட்டு, எல்லா ஊருக்கும் ஒரே தண்ணீராக ஆக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது வசதி, எனக்கு வருத்தம்.

"ஃபில்டர் காபி" என்று மெனுவில் இருந்ததால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த தம்பிக்குத் தெரியவில்லை, ஆனால் நல்ல பையன், உள்ளே போய்ப் பாக்கெட்டையே எடுத்து வந்தான். சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதில் 60க்கு 40 என்றிருந்தது. கும்பகோணம் டிகிரி காபி விலையைப்போல் ஐந்து மடங்குக்கு நாற்பது சதவீதம் சிக்கரி! சிக்கரி எனக்குப் பிடிக்கும், விலைதான் தொண்டையில் நிற்கிறது.

மெஷின்காரரிடம் ஒரு கேள்வி. சென்னையில் இருக்கிற என் மகள் வீட்டில் ஆர்ஓ தண்ணீரில் டிகாக்‌ஷன் இறங்கினால் புளிப்பாக இருக்கிறது. தூள் நான் அனுப்புவதுதான். என்ன செய்யலாம்?

மெஷின்காரன், சென்னை

தூளைக் குறை சொல்லாதீர்கள் சார். ஆர்ஓவில் டிடிஎஸ் எவ்வளவு வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 20, 30 என்றால் அதுதான் காரணம். வீட்டு மெஷின்கள் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று சின்னத் திருகு ஒன்று இருக்கும், மூடியைக் கழற்றினால் தெரியும். அதைக் கொஞ்சம் திறந்தால் ஆர்ஓவைத் தாண்டி வருகிற தண்ணீர் கலந்து 100, 150க்கு ஏறும். ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் வந்தால் மட்டும் திறக்கலாம். போர், லாரித் தண்ணீர் என்றால் தொட வேண்டாம். அதில் நைட்ரேட்டோ வேறெதுவோ இருந்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும், டிடிஎஸ் மீட்டர் காட்டிக்கொடுக்காது. அப்படிப்பட்ட வீட்டில் காபிக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம்.

சந்தேகமிருந்தால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்துச் சோதிக்கலாம். மற்ற மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. கிருமிச் சோதனை என்றால் வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அவர்களிடமே சுத்தம் செய்த பாட்டிலை வாங்கி, பிடித்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.