மறு: ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன் – ‘நீக்கம்’ பொருந்துமா?

> ‘செயலூக்க இரைச்சல் நீக்கம்’ என்று வைத்துவிடலாமா ஐயா? ஹெட்போன் செயலியின் தமிழாக்கத்தை நாளைக்குள் கொடுத்தாக வேண்டும்.

தம்பி, அவசரம் புரிகிறது. ஆனாலும் ‘நீக்கம்’ இடிக்கிறது.

அந்தக் கருவி எதையும் நீக்குவதில்லை. இன்னொரு சத்தத்தைச் சேர்க்கிறது. மைக் பிடித்த இரைச்சலைச் சில்லு தலைகீழாக்க, ஸ்பீக்கர் அதைக் காதுக்குள் விடுகிறது. முகட்டோடு அகடு சேர்ந்தால் இரண்டும் அடங்கும். பள்ளியில் படித்த அழிவுக் குறுக்கீடுதான். ஜெர்மானியர் பவுல் லூக் 1936லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

கஷ்டமெல்லாம் நேரத்தில்தான். தலைகீழ் அலை, அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு பிந்தினால் பலன் பூஜ்யம். இன்னும் கொஞ்சம் பிந்தினால் சத்தம் கூடவே செய்யும்! 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 3.4 மீட்டர், ஆறில் ஒரு பங்கே அரை மீட்டரைத் தாண்டும், தாராளம். 5000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளமே 7 செ.மீ.க்குள், பிசகுக்கு இடம் ஒரு விரல் நக அகலம்தான்.

போன மாதம் இரவுப் பேருந்தில் மாட்டிப் பார்த்தேன். என்ஜின் உறுமல் அடங்கியது. நடத்துநர் விசில் அப்படியே காதைத் துளைத்தது. பின்சீட்டுக்காரர் போனில் பந்தல்காரரிடம் பேரம் பேசியது முன்பைவிடத் தெளிவாகவே கேட்டது. அதுவரை உறுமல் அதை மூடி வைத்திருந்தது. இதற்குப் போய் ‘நீக்கம்’ என்று பெயர் வைத்தால், வாங்கியவர் சண்டைக்கு வருவார். ‘தணிப்பு’ போதும்.

‘செயலூக்க’ என்பதும் ஒன்றும் சொல்லவில்லை. கீச்சுச் சத்தத்தைப் பெரும்பாலும் தடுப்பது காதைச் சுற்றி அழுத்தும் பஞ்சு மெத்தை. என் மூக்குக்கண்ணாடிக் காம்பு அதைச் சற்றே தூக்கிவிடுகிறது. அந்த இடுக்கு வழியே உறுமலும் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஆக, ஒன்று அடைத்துத் தணிக்கிறது, மற்றது அலையை விட்டுத் தணிக்கிறது. வேறுபாடு பெயரிலேயே தெரியட்டும்: அடைப்புத் தணிப்பு, எதிரலைத் தணிப்பு.

---

> எதிரலைத் தணிப்பு

நன்றி ஐயா, ‘தணிப்பு’ எடுத்துக்கொள்கிறேன். ‘எதிரலை’தான் உதைக்கிறது. எதிரொலி என்றால் சுவரில் பட்டுத் திரும்புவது. அதே வாய்ப்பாட்டில் எதிரலையையும் திரும்பி வரும் அலை என்றுதானே படிப்பார்கள்? எதிரொலியைக் குறைக்கும் வசதி வேறு அதே செயலியில், அடுத்த வரியிலேயே இருக்கிறது.

---

சரியாகப் பிடித்தீர்கள், எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் ‘முரணலை’. முரண்தொடை படித்தவர்களுக்குப் பழகிய சொல், திரும்பி வருவது என்ற பொருளும் ஒட்டாது. உதவிப் பக்கத்தில் ‘முரணலைத் தணிப்பு’. பொத்தானில் இடமில்லையென்றால் ‘இரைச்சல் தணிப்பு’ என்று மட்டும் போடுங்கள். வெளிச்சத்தத்தை வேண்டுமென்றே உள்ளே விடும் வசதிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? ஆங்கிலத்து ‘டிரான்ஸ்பரன்சி’யைப் பார்த்து ‘ஒளிபுகு நிலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், புகுவது ஒலி.