ஆறு மாதக் குட்டியாம்! யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

ஓய்வுபெற்ற கிராணி (காலை 7:10)
நேற்று இரவு நம் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் குழுவில் ஓர் அம்மணி அறிவிப்புப் போட்டார். "செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை நிறுக்கும் கொட்டகை அருகில் கிடந்த பெண் நாய். பெயர் ராணி. ஆறு மாதக் குட்டி. உண்ணிக் காய்ச்சல் குணமாகிவிட்டது. நிரந்தர வீடு தேடுகிறோம்." கூடவே நாய் வாயைத் திறந்திருக்கும் படம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பின்பற்களில் மஞ்சள் கறை ஏறிக் கிடக்கிறது. ஆறு மாதமா அது? இரண்டு வயதுக்கு ஒரு நாள் குறையாது. வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லலாமா?

செம்பனைக்காரி (7:25)
அந்த அம்மணி நான்தான், ஐயா. "ஆறு மாதம் இருக்கலாம்" என்றுதான் எழுதினேன். கண்டெடுத்தபோது காது முழுக்க உண்ணி, ஈறு வெளுத்துப் போயிருந்தது. ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, 28 நாள் மாத்திரை கொடுத்து, கருத்தடையும் செய்து வைத்திருக்கிறேன். இவ்வளவையும் விட்டுவிட்டுப் பல்லை எண்ணுகிறீர்களே!

ஓய்வுபெற்ற கிராணி (7:31)
"இருக்கலாம்" இப்போது இருக்கிறது. நேற்று இல்லை. அறிவிப்புக்குக் கீழே "திருத்தப்பட்டது, காலை 7:18" என்று சின்ன எழுத்தில் காட்டுகிறது பாருங்கள். தோட்டத்தில் எழுத்தராக முப்பது வருடம் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு, எழுதியவன் நான். திருத்திய கணக்கு எனக்குத் தெரியாதா?

தாமான் தம்பி (8:02)
கிராணி ஐயா இன்னும் பிரட்டு (காலை ஆள்கணக்கு) எடுப்பதை விடவில்லை. அன்று ஆளை எண்ணினார், இன்று நாய்ப் பல்லை எண்ணுகிறார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஓய்வுபெற்ற கிராணி (8:09)
தம்பி, அது மாட்டுக்குச் சொன்னது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, தெரியுமா? லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் நான்கு மாடு வளர்த்த வீடு எங்களுடையது. இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை முளைத்ததா என்று பார்த்துத்தான் விலை பேசுவோம். நாய்க்குப் பால் பல் 28, நிலைப்பல் 42. இந்த ராணிக்கு 42-உம் இருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஈப்போ இளவல் (8:40)
42-உம் இருந்தால் ஏழு மாதம் தாண்டிவிட்டது என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வயதா, மூன்று வயதா என்பதைக் கறையையும் தேய்மானத்தையும் வைத்து ஊகிப்பார்கள். கல்லைக் கடித்து வளர்ந்த தெருநாய்க்குச் சீக்கிரமே தேயும். இரண்டு பேருமே கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

ஓய்வுபெற்ற கிராணி (8:44)
ஏழு மாதம் தாண்டியது என்று ஒத்துக்கொண்டீர்கள் அல்லவா? நன்றி. அப்படியானால் ஆறு மாதம் பொய்.

செம்பனைக்காரி (8:47)
ஆறுக்கும் ஏழுக்கும் ஒரு மாதம்தான், ஐயா.

ஓய்வுபெற்ற கிராணி (8:50)
சம்பளத்தில் ஒரு மாதம் குறைந்தால் சும்மா இருப்பீர்களா?

லயத்து வீட்டுப் பேத்தி (9:15)
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இரண்டாவது படத்தில் மடி தொங்குகிறதே. குட்டி போட்ட நாய் மாதிரி தெரிகிறது. கண்டெடுத்த இடத்தில் குட்டிகள் இருந்தனவா, அக்கா?

ஓய்வுபெற்ற கிராணி (9:17)
இதோ! நான் சொல்லவில்லை, ஒரு பெண் பிள்ளை சொல்கிறது. நாய்க்கு முதல் பருவம் வரவே ஆறு மாதம் ஆகும். அப்புறம் சினை ஏறக்குறைய 63 நாள். ஆறு மாதக் குட்டி எந்தக் கணக்கில் ஈன்றது?

செம்பனைக்காரி (9:30)
மடி தொங்கவில்லை. படம் எடுத்த கோணம் அப்படி. உங்களுக்குப் பழைய கோபம் ஐயா, நேரடியாகவே சொல்லுங்கள். போன வருடம் திருவிழா அன்னதானத்தில் பருப்பு போதவில்லை என்று என் கணவர் சொன்னதைத்தானே இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற கிராணி (9:34)
பருப்பு போதும் போதும் என்று மிஞ்சியது. இரண்டு வாளி மிஞ்சியது. அதைப் பற்றித் தனியாகத் திரி ஆரம்பித்தால் கணக்கோடு வருகிறேன்.

தாமான் தம்பி (9:41)
கிராணிக்கு ராணி மேல் ஏன் இத்தனை வன்மம்?

சும்மா பார்ப்பவன் (10:05)
இரண்டு வாளி என்பது பொய். நான் அன்று பந்தியில் இருந்தேன். அரை வாளிகூட இல்லை.

லயத்து வீட்டுப் பேத்தி (10:20)
அக்கா, குட்டிகள்?

ஓய்வுபெற்ற கிராணி (10:26)
1948-இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டு, மலாயாவுக்கு அவசரகாலமே வந்த ஊர் இது. அப்போதுகூட இவ்வளவு பொய் புழங்கியிருக்காது. வயதை ஒழுங்காகச் சொல்ல முடியாவிட்டால், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். செம்பனைக்கு நடுவில் எலிக்கா பஞ்சம்? அது பிழைத்துக்கொள்ளும்.

ஈப்போ இளவல் (10:33)
ஐயா, வார்த்தையை அளந்து பேசுங்கள். மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி வதைக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. நோயிலிருந்து இப்போதுதான் தேறிய நாயைக் காட்டில் விடச் சொல்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற கிராணி (10:36)
சட்டம் எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? சட்டத்தில் நாயின் வயதைப் பொய்யாகச் சொல்வதற்கு எவ்வளவு அபராதம்? அதையும் பார்த்துச் சொல்லுங்கள். "கொண்டுபோய் விடு" என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்கு.

தாமான் தம்பி (10:38)
ஆறு மாதமும் ஒரு பேச்சுக்குத்தான் ஐயா.

செம்பனைக்காரி (10:52)
வீடு கேட்டு வந்தேன், விசாரணைக் கூண்டில் நிற்கிறேன். முன்வாசலில் ராணி படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலையும் முறைத்துவிட்டுப் போனார். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய்க்கு உரிமம் எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு இடமில்லை. யாராவது வேலி போட்ட வீட்டுக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள். கருத்தடைக்கு ஆன செலவில் பாதியைத் தந்தால் போதும்.

சும்மா பார்ப்பவன் (10:58)
ஓ, காசும் உண்டா? இப்போது புரிகிறது.

செம்பனைக்காரி (11:00)
காசு வேண்டாம்! விடுங்கள்! ஒரு சதமும் வேண்டாம்!

சாலாக் மாமி (11:20)
எங்கள் வீட்டில் பெரிய வளவு, வேலி இருக்கிறது. கோழியும் பதினைந்து இருக்கிறது. ராணி கோழியைத் துரத்துமா? துரத்தாது என்றால் ஞாயிறு வந்து பார்க்கிறோம்.

ஓய்வுபெற்ற கிராணி (11:22)
முதலில் வயதைக் கேளுங்கள் மாமி. குட்டி என்றால் பழக்கலாம். இரண்டு வயது நாய் கோழி ருசி கண்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

செம்பனைக்காரி (11:24)
மாமி, உள்பெட்டிக்கு வாருங்கள். இங்கே வேண்டாம்.

லயத்து வீட்டுப் பேத்தி (11:40)
சரி, நான் சாயங்காலம் அப்பாவோடு அந்தக் கொட்டகைப் பக்கம் போய்ப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள், அக்கா. பழைய நிறுவையா, புதிய நிறுவையா?

ஓய்வுபெற்ற கிராணி (11:43)
இன்னொரு படம் போடச் சொல்லுங்கள். வலப்பக்கக் கடைவாய்ப் பல். வெளிச்சத்தில் எடுத்தது.