சூடான பால் முதலில் உறைந்தது என்றதற்குச் சேர் சிரித்தார்

கல்லடிப்பொடியன்:
உயர்தரம் இரண்டாம் வருசம். அம்மா வீட்டில் ஐஸ் பைக்கட் போட்டுப் பக்கத்துக் கடைக்குக் கொடுக்கிறவ. போன கிழமை பாலில் பாதியை மத்தியானமே ஆறவைத்துவிட்டோம், மற்றப் பாதியைக் காய்ச்ச நேரமாகிவிட்டதால் சூட்டோடயே ஊற்றி முடிச்சுப் போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பிறீசரில் வைத்தோம். இரவு பத்தரைக்குப் பார்த்தால் சூடாக வைத்தது கல்லு மாதிரி, ஆறவைத்தது இன்னும் நசுங்குது. அம்மாவுக்கு இது புதினமே இல்லையாம். ரியூசனில் கேட்டேன். "நியூற்றனின் குளிரல் விதி படிக்கவில்லையா?" என்று சேர் சிரித்தார், அந்த விதிப்படி சூடானது ஆறினதை முந்தவே முடியாதாம், வகுப்பே சேர்ந்து சிரித்தது. நான் கண்ணால் கண்டது பொய்யா? பௌதிகத்தில் பெரிய ஆட்களும் இப்படித்தானா?

வாவிக்கரை:
தம்பி, நீ கண்டதற்குப் பேரே இருக்கு, எம்பெம்பா விளைவு. தன்சானியாவில் 1963இல் எரஸ்ரோ எம்பெம்பா என்ற பள்ளிக்கூடப் பொடியன் ஐஸ்கிறீம் செய்யும்போது சூடான பாலை அப்படியே பெட்டிக்குள் வைத்தான், அதுதான் முதலில் உறைந்தது. ஆசிரியர் அவனைப் பார்த்து இது உலகத்துப் பௌதிகம் இல்லை, எம்பெம்பாவின் பௌதிகம் என்றார். பிறகு டெனிஸ் ஒஸ்போர்ன் என்ற பேராசிரியர் பாடசாலைக்கு வந்தபோது எழுந்து அதே கேள்வியைக் கேட்டான். அவருக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் திரும்பிப் போய்த் தன் ஆய்வுகூட உதவியாளரிடம் அதைச் செய்து பார்க்கச் சொன்னார். 1969இல் இருவர் பேரிலும் கட்டுரை வந்தது.
ஆனால் இது இன்னும் முடிந்த கதை இல்லை. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அளந்துபார்த்து அப்படி ஒரு விளைவே தெரியவில்லை என்றார்கள், வெப்பமானி ஒரு சென்ரிமீற்றர் இடம் மாறினாலே முடிவு மாறுகிறதாம். உன் பைக்கட் முடிச்சுப் போட்டது, அதனால் நீர் ஆவியாகிக் குறைந்தது என்ற விளக்கம் இங்கே செல்லாது. பிறீசர் தட்டில் பனி படிந்திருந்ததா? சூடான பைக்கட் அந்தப் பனியை உருக்கித் தட்டோடு ஒட்டியிருந்தால் வெப்பம் சுறுக்கா இறங்கும்.

அக்கரைப்பற்றான்:
சேரை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். 2011இல் ஒபெரா என்ற பௌதிக ஆய்வுக் குழு, நியூத்திரினோ என்ற நுண்துகள் ஒளியைவிட 60 நனோ செக்கன் முந்தி வந்ததாக அறிவித்தது. உலகமே சந்தேகப்பட்டது, கடைசியில் ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பூட்டப்படாமல் இருந்ததாம். சந்தேகம் வேண்டும். ஆனால் அந்தக் குழுவே எங்கே பிழை என்று தேடித் தாருங்கள் என்று மற்றவர்களைக் கேட்டது, அதுதான் முறை. இஸ்ரேல் விஞ்ஞானி டான் ஷெக்ற்மனுக்கு நடந்தது வேறு. 1982இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பளிங்குக்கு இருக்கவே கூடாத சமச்சீரைக் கண்டார், குழுத் தலைவர் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படி என்றார், பிறகு குழுவை விட்டே போகச் சொன்னார். இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் போலிங் சாகும்வரை ஏற்கவில்லை. 2011இல் ஷெக்ற்மனுக்கு நோபல் கிடைத்தது. படத்தை வாங்கிப் பாராமல் புத்தகத்தை நீட்டினார்களே, எனக்குக் கோபம் அதில்தான்.

ஊரிச்சத்தம்:
மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதற்கு ஆபிரிக்காவரை போகவேண்டுமா? கல்லடிப் பாலத்தடியில் நிலவு நேரம் துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்குமே ஒரு சத்தம், எங்கள் அப்பப்பா அதை ஊரி, அதாவது வாவி நத்தை, கத்துது என்பார். வெளியூர் ஆட்கள் கட்டுக்கதை என்பார்கள். ஆனால் 1848இல் எமர்சன் ரெனன்ற் என்ற வெள்ளைக்கார அதிகாரி மீனவரோடு தோணியில் போய்த் தானே காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்தார், ஈர விரலால் கண்ணாடிக் கோப்பை விளிம்பைத் தேய்த்தது போலவாம். மீனா ஊரியா என்பதில் சண்டை இருக்கட்டும், முதலில் தோணியில் ஏற வேண்டும். தம்பி, நீயும் திரும்பச் செய்.

கல்லடிப்பொடியன்:
அண்ணன்மார், நன்றி. தட்டில் விரல் தடிப்புக்குப் பனி இருந்தது, இப்பதான் யோசிக்கிறேன். இன்றைக்கு எல்லாப் பனியையும் சுரண்டிவிட்டு ஆறு ஆறு பைக்கட், ஒரே அளவு பால், மாறி மாறி அடுக்குகிறேன். அரை மணிக்கு ஒருதரம் அமுக்கிப் பார்த்து எழுதுகிறேன். கதவைச் சும்மா சும்மா திறக்காதே என்று அம்மா ஏசுவா, அதையும் கணக்கில் எடுக்கவேணும்.